மாப்பிள்ளைத் தோழன்

கேள்வி: அமெரிக்க அதிபர் தேர்தலில் துணை அதிபர் வேட்பாளரைக் காட்டி அலையைத் திருப்ப முடியுமா?

பதில்: மாப்பிள்ளைத் தோழனைப் பார்த்தா பெண் கொடுப்பார்கள்? கொஞ்ச நாள் பந்தல் களைகட்டும், அவ்வளவுதான். 2008 ஆகஸ்ட் 29, அதிபர் வேட்பாளர் மெக்கெய்னின் 72-வது பிறந்தநாள். அன்று அவர் சாரா பேலினைத் துணை அதிபர் வேட்பாளராக அறிவித்ததும் சோர்ந்திருந்த கூட்டங்கள் நிரம்பி வழிந்தன. செப்டம்பர் தொடக்கத்தில் சில கருத்துக்கணிப்புகளில் எதிர்த்து நின்ற ஒபாமாவையே மெக்கெய்ன் முந்தினார். செப்டம்பர் 15-ல் லேமன் பிரதர்ஸ் திவாலானது, அந்த வேகம் போன இடம் தெரியவில்லை. 1960-ல் கென்னடிக்கு அவருடைய துணை அதிபர் வேட்பாளர் ஜான்சன் டெக்சாஸை வாங்கித் தரவில்லையா என்பீர்கள். தந்தார், சுமார் 46,000 வாக்கு வித்தியாசத்தில். ஆனால் டெக்சாஸின் 24 தேர்வாளர் வாக்குகளைக் கழித்தாலும் கென்னடிக்கு 279 மிஞ்சும், தேவைப்பட்டது 269. தோழனைத் தேர்ந்தெடுத்தவரின் நிதானத்தைத்தான் வாக்காளர் எடைபோடுகிறார். 72 வயதுக்காரர் என்பதால் மெக்கெய்னுக்கு அந்த எடை கூடுதலாகவே கனத்தது.