எண்பதுக்கு இருபது

ஐம்பது தாண்டியதும் எனக்கு ஒரு வியாதி பிடித்துக்கொண்டது. யார் பெயரைப் பார்த்தாலும் இறந்த வருஷத்திலிருந்து பிறந்த வருஷத்தைக் கழித்துப் பார்க்கிற வியாதி. பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் 29. பாரதி 39. புதுமைப்பித்தன் 42. அத்தனை பேரையும் வயதில் முந்திவிட்ட நான், வீட்டு வரி ரசீதைத் தவிர எதிலும் என் பெயரை அச்சில் கண்டதில்லை. ஆயுள் இவ்வளவுதானா என்று மயிலாடுதுறைப் பெரியப்பாவிடம் புலம்பினேன்.

"அவங்களுக்கெல்லாம் பென்ஷன் இல்லடா" என்றார்.

பெரியப்பா தபால் இலாகாவில் இருந்து ஓய்வு பெற்றவர். எதற்காக வாழ்வது என்ற கேள்வி அவருக்கு வந்ததே இல்லை. மத்திய அரசு அதற்கு அட்டவணையே போட்டுக் கொடுத்திருக்கிறது. எண்பது வயதானால் அடிப்படை ஓய்வூதியத்தில் 20 சதவீதம் கூடுதல். 85க்கு 30, 90க்கு 40, 95க்கு 50. நூறைத் தொட்டால் நூறு சதவீதம்.

"அந்தக் கடைசி அஞ்சு வருஷத்தைப் பாரு. அம்பதுலேர்ந்து ஒரே தாவா நூறு! அதை விட்டுட்டுப் போறவனை என்னன்னு சொல்றது?"

இதற்கு முன் கம்யூட்டேஷனுக்காக இருந்தார். 2006இல் ஓய்வு பெற்றபோது பென்ஷனில் 40 சதவீதத்தை மொத்தப் பணமாக மாற்றி மகள் கல்யாணத்தை முடித்தார். பிடித்த தொகை பதினைந்து வருஷம் கழித்துத்தான் பென்ஷனில் திரும்பச் சேரும். அது வந்து விழ வேண்டிய 2021இல் பார்த்து கொரோனா இரண்டாவது அலை. ஊரெல்லாம் உயிருக்குப் பயந்தது. பெரியப்பா மாஸ்க் மேல் மாஸ்க் போட்டுக்கொண்டு, "இன்னும் ரெண்டே மாசம்" என்று நாள்காட்டியைக் கிழித்துக்கொண்டிருந்தார்.

நூறு ரூபாய் கூட வரப்போகிறது என்ற நினைப்பைப் போல ஒரு மனுஷனை விடியற்காலையில் எழுப்பி நடக்க வைக்கிற தத்துவம் இன்னும் எழுதப்படவில்லை என்பது என் அபிப்பிராயம்.

ஜாதகப்படி அவர் பிறந்தது 1947 ஆவணி. பள்ளியில் சேர்க்க வயது போதாதென்று தலைமையாசிரியர் 1946 ஜூன் என்று எழுதிவிட்டார். ஓய்வு பெற்ற அன்று, மாலையும் கழுத்துமாக, "என் ஒரு வருஷச் சம்பளத்தை முழுங்கிட்டான்" என்று அந்த வாத்தியாரைத் திட்டினார். இப்போது கதை வேறு. சர்டிபிகேட்படி 2026 ஜூனிலேயே எண்பது! "தீர்க்கதரிசிடா அவர்" என்று கன்னத்தில் போட்டுக்கொள்கிறார். திருக்கடையூரில் சதாபிஷேகம் மட்டும் ஜாதகப்படிதான். அதற்குள் கூடுதல் பென்ஷன் சேர்ந்து செலவுக்கு ஆகிவிடுமாம்.

நவம்பர் வந்தால் உயிரோடிருப்பதை நிரூபிக்க வேண்டும். தபால்காரரே கருவியோடு வீட்டுக்கு வந்துவிடுகிறார். கட்டணம் 70 ரூபாய். போன தடவை வலது கட்டைவிரலை வைத்தார், ஏற்கவில்லை. இடதும் இல்லை. பெரியம்மா ஈரத்துணியால் பத்து விரலையும் துடைத்துவிட்டாள்.

"இல்லைங்குது சார்."

"நான் இங்கதானேய்யா உக்காந்திருக்கேன்!"

கடைசியில் முகத்தைக் காட்டச் சொன்னார் தபால்காரர். போனை நீட்டி, "கண்ணைச் சிமிட்டுங்க சார்" என்றார். பெரியப்பா பலமாகச் சிமிட்டினார். "எனக்குக்கூட இப்படிச் சிமிட்டினதில்லை" என்றாள் பெரியம்மா. சான்று பதிவாகிவிட்டது.

அடுத்த வாரம் மெத்தை வாங்கக் கிளம்பினார். நானும் கூடப் போனேன். கடைக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, அஞ்சு வருஷ வாரண்டி மெத்தை ஒன்றை எடுத்துப் போட்டார்.

"பத்து வருஷத்துல இல்லையா?"

"இருக்கு ஐயா. விலை கூட. உங்களுக்கு இதுவே போதுமே."

"யோவ், தொண்ணூறுல எனக்கு நாப்பது சதவீதம் வருது. அதை வாங்கிண்டு தரையிலயா படுக்கச் சொல்றே?"

கடைக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. பத்து வருஷ மெத்தையை இறக்கினார். வாரண்டி அட்டையில் பிறந்த தேதிக்கு இடமே கிடையாது. பெரியப்பா ஓரத்தில் எழுதச் சொன்னார், சர்டிபிகேட் தேதியை.