அத்தான் ‘ஆன்’ ஆன கதை

ஔந்த், புனே

அன்புள்ள தம்பிக்கு,

  பாபநாசம் அணைக்குத் தண்ணீர் வந்துவிட்டது என்று கேட்டதில் சந்தோஷம்.

போன் பண்ணும்போதெல்லாம் “அக்கா, வெளிநாட்டு வாழ்க்கை எப்படி?” என்று கிண்டல் செய்கிறாய். பாஸ்போர்ட் கேட்காததைத் தவிர எல்லா விதத்திலும் இது வெளிநாடுதான். பருப்புக் குழம்பில் வெல்லம் போடுகிறார்கள். எந்தக் காயைச் சமைத்தாலும் மேலே வேர்க்கடலைப் பொடி. புனேயின் பழைய ஊர்ப்பக்கம் போனால் மதியம் ஒரு மணிக்குக் கடையைப் பூட்டி நாலு மணி வரை தூங்குகிறார்கள். வாடிக்கையாளர் எழுப்பினால் வாடிக்கையாளருக்குத்தான் திட்டு. ஜெர்மனியிலுள்ள பிரேமன் நகரத்தின் பெயரில் இங்கே ஒரு நாற்சந்தி, பிரேமன் சௌக். ஆகவே நான் தினமும் காய்கறி வாங்க ஜெர்மனி வரை போய்வருகிறேன் என்று நீ தாராளமாகத் தெருவில் சொல்லிக்கொள்ளலாம்.

கூரியர் அனுப்பும்போது மட்டும் முகவரியில் சத்தாரா என்று எழுதிவிடாதே. அங்கே இன்னொரு ஔந்த் இருக்கிறது. சூரிய நமஸ்காரத்தை ஊர் ஊராகப் பரப்பிய ராஜா ஆண்ட சமஸ்தானம் அது. எங்களுடையது முளா ஆற்றங்கரையில் உள்ள மாநகராட்சி ஔந்த். நம் பக்கத்து மனிதர்கள் குறைவு என்று கவலைப்படாதே. ஸ்பைசர் கல்லூரி என்று இங்கே ஒன்று உண்டு, அதன் பேக்கரி கோதுமை ரொட்டிக்குப் பேர்போனது. அந்தக் கல்லூரி 1915இல் கோயம்புத்தூரில் பிறந்து, பெங்களூரில் வளர்ந்து, 1942இல் இங்கே குடிவந்தது. நமக்கு முன்னாடியே வந்து செட்டிலான ஆள்.

இனி நீ கேட்ட விஷயம். உன் அத்தான் அனுப்பிய போட்டோவைப் பார்த்துவிட்டு, “அக்கா சால்வையும் பூங்கொத்துமா நிக்காளே, தேர்தல்ல நின்னுட்டாளா?” என்று கேட்டாயாம். அவ்வளவு தூரம் கெட்டுப்போகவில்லை. ரோட்டரி சங்கத்தில் சேர்ந்திருக்கிறேன்.

எல்லாம் எதிர் ஃப்ளாட் டாக்டரம்மா செய்த வேலை. அரசாங்க ஆஸ்பத்திரியில் ஓய்வு பெற்றவர். நாங்கள் காக்கு என்று கூப்பிடுவோம். ஒருநாள் வந்து உட்கார்ந்து, “நீ வீட்டில் சும்மாதானே இருக்கிறாய்?” என்றார். காலமெல்லாம் கணக்கு டீச்சராக இருந்தவளை, இப்போது பேரனுக்கு மூன்று வேளையும் துரத்தித் துரத்தி ஊட்டுகிறவளைப் பார்த்து, சும்மா! அந்தக் கோபத்தில் அவர் நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டேன். அதுதான் விண்ணப்பப் படிவமாம்.

ஆதியில் தொழிலுக்கு ஒருவர் என்பது ரோட்டரியின் கணக்கு. 1905 பிப்ரவரி 23ஆம் தேதி சிகாகோவில் பால் ஹாரிஸ் என்ற வக்கீல், ஒரு நிலக்கரி வியாபாரி, ஒரு சுரங்க என்ஜினியர், ஒரு தையற்காரர் என்று நாலு பேர் கூடினார்கள். ஹாரிஸ் பெரிய ஊருக்குப் பிழைக்கப் போய், பேச ஆளில்லாமல் தவித்தவர். ஆக, ஆரம்பத்தில் இது சேவைச் சங்கமே இல்லை, துணைக்கு ஆள் தேடியவர்களின் சங்கம். ஒவ்வொருவர் ஆபீசிலும் முறைவைத்துச் சுற்றிச் சுற்றிக் கூடியதால் அந்தப் பெயர். சேவை பிறகுதான் வந்தது. அதிலும் பெரிதாக எடுத்துச் செய்த முதல் வேலைகளில் ஒன்று சிகாகோ நகரத்துக்குப் பொதுக் கழிப்பறை. இதைப் படித்ததும் எனக்கு அந்த மனிதர்கள் மேல் மரியாதை வந்துவிட்டது. கல்கத்தாவில் 1919இல் தொடங்கிய சங்கம் இந்தியாவிலேயே முதல். மெட்ராஸில் 1929. இன்றைக்கு உலகம் முழுக்கச் சுமார் 12 லட்சம் பேர் உறுப்பினர்.

எங்கள் சங்கத்தில் பல் டாக்டர், ஆடிட்டர், கார் ஷோரூம்காரர், ரிட்டயர்டு கர்னல் எல்லாம் உண்டு. பில்டர்கள் மட்டும் மூன்று பேர். புனேயில் ஒரே ஒரு பில்டரை வைத்துக்கொண்டு எதுவும் நடத்த முடியாது போலிருக்கிறது.

வாரக் கூட்டத்தை நீ வந்து பார்க்கவேண்டும். தலைவர் மரச்சுத்தியலால் மணியைத் தட்டினால்தான் கூட்டம் ஆரம்பம். ஒருநாள் சுத்தியலைக் காணோம். எல்லோரும் வந்தாயிற்று, பேச்சாளரும் வந்தாயிற்று, ஆனால் சுத்தியல் இல்லாமல் எப்படி ஆரம்பிப்பது என்று ஆடிட்டர் சட்டம் பேசுகிறார். கடைசியில் பரிமாறும் கரண்டியால் தட்டினார்கள். தலைவர் கழுத்தில் ஒரு பட்டை. அதில் இதுவரை தலைவராக இருந்த அத்தனை பேரின் பெயரும் தகடு தகடாகத் தொங்கும். வருஷம் ஏற ஏற கனமும் ஏறி, இப்போது கோயில் யானைக்கு முகபடாம் போட்ட மாதிரி இருக்கிறது. ஜூலை 1ஆம் தேதி ஒருவர் கழுத்திலிருந்து இறங்கி அடுத்தவர் கழுத்தில் ஏறும். அதற்கொரு விழா, ஐந்து பேச்சு, நன்றியுரை, நன்றியுரை சொன்னவருக்கு ஒரு நன்றி.

பிறகு அபராதம். பேப்பரில் போட்டோ வந்தால் அபராதம், புதுக் கார் வாங்கினால் அபராதம், பேரன் பிறந்தால் அபராதம். வசூல் அத்தனையும் சேவைக் கணக்குக்குப் போகிறது. சிரித்துக்கொண்டே பர்ஸைத் திறக்கிறார்கள். நம் ஊரில் கோயில் கொடைக்கு வரி கேட்டு வந்தால் பின்வாசல் வழியாகப் போகிறவர்களை நினைத்துக்கொண்டேன். (உன்னைச் சொல்லவில்லை.)

எல்லாம் முடிந்ததும் ‘ஃபெலோஷிப்’. சாபுதானா வடை, கொத்தமல்லி போட்ட கோதிம்பீர் வடி, சூடாக டீ. பேச்சாளர் நீளமாகப் பேசினால் பின்வரிசையில் வடை ஆறுகிறதே என்ற கவலை அப்பட்டமாகத் தெரியும்.

நாலு கேள்வி வைத்து எதையும் சோதிக்கச் சொல்கிறார்கள். சொல்வது உண்மையா, எல்லோருக்கும் நியாயமா, நட்பை வளர்க்குமா, சம்பந்தப்பட்டவர்களுக்கெல்லாம் நல்லதா. 1932 வாக்கில் ஹெர்பர்ட் டெய்லர் என்பவர் திவாலாகக் கிடந்த பாத்திரக் கம்பெனியைத் தூக்கி நிறுத்த எழுதிவைத்ததாம். நான் இதை வீட்டில் உன் அத்தானிடம் நடத்திப் பார்க்கிறேன். “வாக்கிங்தான் போனேன், வடாபாவ் சாப்பிடவில்லை” என்றார். முதல் கேள்வியிலேயே ஃபெயில்.

அத்தான் என்றதும் ஞாபகம் வருகிறது. இந்தியச் சங்கங்களில் உறுப்பினரின் மனைவியை ‘ஆன்’ என்றும் பிள்ளைகளை ‘ஆனெட்’ என்றும் சொல்வது வழக்கம். 1914இல் ஹூஸ்டன் மாநாட்டுக்குப் போன ரயிலில் ஆன் என்று ஓர் அம்மாள் கணவரோடு பயணம் செய்தாராம். அன்றைக்கு ஒட்டிய பெயர். ஆண்கள்தான் உறுப்பினர் என்று ரொம்ப காலம் விதி. கலிஃபோர்னியாவில் டுவார்ட்டே என்ற ஊர்ச் சங்கம் 1977இல் மூன்று பெண்களைச் சேர்த்துக்கொண்டது. தலைமை அந்தச் சங்கத்தையே நீக்கிவிட்டது. வழக்கு அமெரிக்க உச்சநீதிமன்றம் வரை போய் 1987இல் பெண்கள் பக்கம் தீர்ப்பானது. 1989இல் விதியையே மாற்றினார்கள். அந்த மூன்று புண்ணியவதிகளின் தயவில் உன் அக்கா இப்போது உறுப்பினர், மின்வாரியத்தில் ஊரையே இருட்டாக்கி வெளிச்சமாக்கிய உன் அத்தான் வெறும் ‘ஆன்’. விழாவில் “ஆன்கள் எல்லாம் மேடைக்கு வாருங்கள்” என்றார்கள். பட்டுப்புடவைகளுக்கு நடுவே வேட்டி சட்டையில் இவர். ரோஜாப்பூ ஒன்று கொடுத்தார்கள். வாங்கிக் காதில் வைத்துக்கொண்டார்.

இதையெல்லாம் படித்துவிட்டு, வெட்டி ஆரவாரம் என்பாய். நானும் விநாயகர் சதுர்த்தி வரைக்கும் அப்படித்தான் நினைத்தேன்.

இங்கே பிள்ளையாரை ஒன்றரை நாளிலும் கரைப்பார்கள், ஐந்தாம் நாள், ஏழாம் நாள், கடைசியாக அனந்த சதுர்த்தசி என்றும் கரைப்பார்கள். சிலையோடு பத்து நாள் பூவும் மாலையும் அருகம்புல்லும் ஆற்றில் போகும். இந்த நிர்மாலியத்தைத் தண்ணீரில் விழாமல் வாங்கி உரமாக்குவதற்குக் குப்பை பொறுக்கும் பெண்களின் கூட்டுறவு அமைப்பான ‘ஸ்வச்’ முதற்கொண்டு பலர் படித்துறைகளில் நிற்கிறார்கள். எங்கள் சங்கமும் ஆற்றங்கரையில் மேஜை போட்டது. ஸ்கூட்டரில் அப்பா ஓட்ட, பின்னால் அம்மா மடியில் பிள்ளையார், நடுவில் நசுங்கிய பையன் கையில் நிர்மாலியப் பை. நான் போய், “இதை ஆற்றில் போடாதீர்கள், இங்கே கொடுங்கள்” என்று எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன். அந்தம்மா பையை இன்னும் இறுக்கிக்கொண்டார். சாமிக்குச் சாத்திய பூவைக் குப்பைக்காரியிடமா கொடுப்பது என்று முகத்திலேயே எழுதியிருந்தது.

காக்கு என்னை ஓரமாக இழுத்துவிட்டார். அவர் பேசவே இல்லை. செருப்பைக் கழற்றினார், தலைப்பைத் தோளில் இழுத்துவிட்டார், பிரசாதம் வாங்குவதுபோல் இரண்டு கையையும் சேர்த்து நீட்டினார். அந்தம்மா பையைக் கையில் வைத்து, கும்பிட்டும்விட்டார்! அன்று ராத்திரி முழுக்க அதே வித்தைதான். வாங்கிய பூவைப் பின்னால் பிரிக்கவேண்டும். மாலைக்குள் சேஃப்டி பின், ஜரிகை, தெர்மாகோல், பிளாஸ்டிக் நார், உடைந்த சாமிப் படக் கண்ணாடி. ஆஸ்பத்திரியில் அறுவைச்சிகிச்சை செய்யும் கவனத்தோடு பல் டாக்டர் பின்னைப் பிடுங்குகிறார். கோடிக்கணக்கில் வியாபாரம் செய்யும் பில்டருக்கு முழங்கை வரை அழுகிய சாமந்தி. கர்னல் மூட்டையை எண்ணிக்கொண்டே அத்தனை பேரையும் அதட்டுகிறார். மழை வேறு. ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை. ஏன் போகவில்லை என்கிறாய்? பக்கத்தில் நிற்பவன் வாரா வாரம் தன்னோடு வடை தின்கிறவன். அவனை விட்டுவிட்டு எப்படிப் போவது? முன்பின் தெரியாதவர்கள் என்றால் முதல் தூறலுக்கே பாதிப் பேர் கழன்றிருப்பார்கள்.

அத்தானுக்கும் வேலை வந்தது. பாஷாணிலுள்ள தேசிய வேதியியல் ஆய்வகம் ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறது. பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் சிலையை அமோனியம் பைகார்பனேட் கலந்த வாளித் தண்ணீரில் வைத்தால் நுரைத்துக் கரைந்து, அடியில் சுண்ணாம்பு படியும். மேலே நிற்கும் அமோனியம் சல்ஃபேட் கரைசல் செடிக்கு உரம். மாநகராட்சியே பொடியை இலவசமாகக் கொடுத்தது. உன் அத்தான் எங்கள் குடியிருப்புப் பிள்ளையார்களையெல்லாம் வாங்கி மாடியில் வாளி வாளியாக வைத்து, வேளாவேளைக்குக் கலக்கிக்கொண்டிருந்தார். அமோனியா நாற்றத்தில் மாடிக்குத் துணி காயப்போட யாரும் வரவில்லை. செம்பருத்தி மட்டும் நன்றாகப் பூக்கிறது.

போலியோ ஞாயிறன்றும் நிற்கிறோம். ஐஸ் கட்டிகளுக்கு நடுவே மருந்துக் குப்பி, ஆளுக்கு இரண்டு சொட்டு, இடது சுண்டுவிரலில் மை. ரோட்டரி 1985இல் போலியோவைக் கையில் எடுத்தது. ஒரே நாளில் ஊர்க் குழந்தைகள் எல்லோருக்கும் சொட்டு மருந்து என்ற முறையை 1980களிலேயே வேலூரில் நடத்திக்காட்டியவர் சி.எம்.சி. டாக்டர் ஜேக்கப் ஜான். நாடு முழுக்க 1995இல் வந்தது. ஹௌராவில் 2011 ஜனவரி 13இல் நோய் கண்ட குழந்தைதான் இயற்கைப் போலியோ வைரஸால் இந்தியாவில் பாதிக்கப்பட்ட கடைசிக் குழந்தை. 2014 மார்ச் 27இல் போலியோ ஒழிந்ததற்கான சான்றிதழ் கிடைத்தது. நம் தெருவில் காலைக் கட்டையால் தாங்கி நடந்தவர்களை நீயும் பார்த்திருக்கிறாய். உன் பிள்ளைகள் பார்க்கவில்லை.

குறையும் உண்டு, மறைக்கமாட்டேன். வருஷா வருஷம் தலைவர் மாறுவதால் வருஷா வருஷம் ஒரு கனவுத் திட்டம். ஒரே பள்ளிக்கூடத்துக்கு மூன்று தலைவர்கள் மூன்று குடிநீர்ச் சுத்திகரிப்பு மெஷின் கொடுத்திருக்கிறார்கள். மூன்றிலும் பெயர்ப்பலகை பளபளக்கிறது, ஒன்றிலும் ஃபில்டர் மாற்றவில்லை. பூங்கொத்துச் செலவை நிறுத்தி ஃபில்டருக்கு ஒதுக்குங்கள் என்று கூட்டத்தில் கேட்டேன். கை தட்டினார்கள். அடுத்த வாரம், நல்ல யோசனை சொன்னதற்காக எனக்கே பூங்கொத்து. நீ பார்த்த போட்டோ அதுதான்.

உனக்கு ஒரு வேலை சொல்கிறேன். பாபநாசம் படித்துறையில் பரிகாரம் என்று கட்டிய வேட்டியையும் புடவையையும் ஆற்றில் விடுகிறார்கள். தாமிரபரணியில் மூட்டை மூட்டையாகத் துணி எடுக்கிறார்கள் என்று நீயே புலம்புவாய். எடுப்பதற்கு முன்னால் வாங்கு. ஆடி அமாவாசைக்குப் படியில் பத்துப் பேரை நிறுத்து. போதனை செய்யாமல், செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டு கையையும் நீட்டச் சொல். அம்பாசமுத்திரத்தில் எந்தச் சங்கத்தில் கூப்பிட்டாலும் சேர், பொருளாளர் பதவியை மட்டும் ஒத்துக்கொள்ளாதே. ஆட்களைத் திரட்டுவதற்கு முன்னால் பஜ்ஜிக்கும் டீக்கும் சொல்லி வை. அது இல்லாவிட்டால் இரண்டாவது அமாவாசைக்கு நீ மட்டும்தான் நிற்பாய்.

இப்படிக்கு,
அன்புள்ள அக்கா