கையில்லாத எதிரியிடம் கைதூக்கியவர்கள்

1945 செப்டம்பர் 2 அன்று ஜப்பான் சரணடைந்தபோது எல்லாம் முறைப்படி நடந்தது. மிசௌரி என்ற அமெரிக்கப் போர்க்கப்பலின் மேல்தளத்தில் மேசை போட்டார்கள். தளபதி மக்ஆர்தர் விறைப்பாக நின்றார். ஜப்பானிய வெளியுறவு அமைச்சர் நெட்டைத் தொப்பியோடு வந்து கையெழுத்திட்டார். தோற்பதற்கும் ஒரு மரியாதை இருந்த காலம்.

அதே கிழட்டு மிசௌரிக்கு 1991-இல் வளைகுடாப் போரில் மறுபடி வேலை கிடைத்தது. குவைத் கரைக்கு அப்பால் ஃபைலக்கா என்றொரு தீவு. அங்கே பதுங்குகுழி வெட்டிக் காத்திருந்தது ஈராக் படை. மிசௌரியின் 16 அங்குலப் பீரங்கிகள் கரையை உழுது தள்ளின. குண்டு ஒவ்வொன்றும் மாருதி 800 காரைவிடக் கனம்.

பீரங்கிக்குக் கண்ணாக இருந்தது பயோனியர் என்ற ஆளில்லா விமானம். இஸ்ரேலில் பிறந்த வடிவம். 26 குதிரைத்திறன் டூ-ஸ்ட்ரோக் எஞ்சின். டிவிஎஸ் 50-க்கு இறக்கை முளைத்ததாக வைத்துக்கொள்ளுங்கள். லெபனானில் நியூ ஜெர்சி கப்பல் குண்டுகளை எங்கெங்கோ போட்டுப் பெயரைக் கெடுத்துக்கொண்ட பிறகுதான் அமெரிக்கக் கடற்படைக்கு இந்த ஞானம் பிறந்தது. கல்யாணத் தரகர் மாதிரி முதலில் இது வந்து வட்டமிட்டுப் பார்க்கும். பின்னாலேயே சம்பந்தி வீட்டார் வந்து இறங்குவார்கள், மாருதி மாருதியாக.

போர் முடியும் தறுவாயில், மிசௌரியின் சகோதரக் கப்பலான விஸ்கான்சின் தன் பயோனியரை ஃபைலக்கா மேல் வேண்டுமென்றே தாழப் பறக்கவிட்டது. சத்தம் கேட்டதுமே சிப்பாய்களுக்கு விளங்கிவிட்டது. தரகர் வந்தாச்சு! கைக்குக் கிடைத்த வெள்ளைத் துணியை எடுத்துக்கொண்டு குழியை விட்டு ஓடிவந்து, அண்ணாந்து ஆட்டினார்கள். சங்கடம் கப்பலில் திரை முன் உட்கார்ந்திருந்தவர்களுக்குத்தான். சரணடைகிறவனிடம் ‘சரி, வாப்பா’ என்று சொல்ல எந்திரத்துக்கு வாயேது?

ஃபைலக்காவுக்கு அந்தக் காலக் கிரேக்கர்கள் வைத்த பெயர் இகாரோஸ். மெழுகுச் சிறகோடு சூரியன் பக்கம் போய் உருகி விழுந்தானே, அந்தப் பையனின் பெயர். பறந்தவன் விழுந்த கதையைப் பெயரில் சுமந்த தீவில், பறந்து வந்ததன் காலில் ஆட்கள் விழுந்தார்கள்.

பிறகு அமெரிக்கப் படையினர் நேரில் போய் சுமார் 1,400 பேரைக் கூட்டிவந்தார்கள். பயோனியருக்கு வரவேற்பு வேறு மாதிரி. அது இறங்கக் கப்பலில் ஓடுபாதை கிடையாது. விரித்துக் கட்டிய வலையில் போய் மோத வேண்டும். பட்டாளத்தையே கைதூக்க வைத்த அந்த வீரனை, வழக்கம்போல, கெளுத்தி மீனைப் பிடிக்கிற மாதிரி வலையில் பிடித்தார்கள்.