இடிவதற்குள் ஒரு கிளிக்

ஞாயிற்றுக்கிழமை விடிந்தும் விடியாததுமாக மயிலாப்பூர் மாட வீதியில் ஆஜராகிவிடுவார் நம் போட்டோ வாக் அன்பர். கழுத்தில் கேமரா, முதுகில் மூட்டை, சட்டை முழுக்க ஜிப். வேலை ஐ.டி.யில், வாசம் ஓ.எம்.ஆரில் பதினான்காவது மாடியில். வாரத்துக்கு ஒருநாள் மட்டும் அவருக்குப் பழைய மெட்ராஸ் வேண்டும். அதுவும் எட்டு மணிக்குள். அதற்குமேல் 'லைட் ஹார்ஷ் ஆயிடும்'.

தொழில் தெரியாதவர் என்று சொல்ல மாட்டேன். "காலைல குளக்கரைப் பக்கம் நிக்காதீங்க. சூரியன் கோபுரத்துக்குப் பின்னால இருக்கும், கரிக்கட்டையாத்தான் விழும்" என்று புதியவர்களைக் கிழக்கே ஓட்டிச் செல்வார். குளம் மேற்கில், 1906-இல் கட்டிய ஏழுநிலை ராஜகோபுரம் கிழக்கில், காலை வெயில் நேரே முகத்தில் விழும்படி நிற்கிறது. இதில் அவரை நம்பலாம்.

அவருக்குச் சங்கடமெல்லாம், பிரேமுக்குள் இன்றைய மயிலாப்பூர் வந்து தொலைப்பதுதான். மாதவரத்திலிருந்து சிப்காட் போகும் மெட்ரோ தடமும், கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி போகும் தடமும் திருமயிலையில் சந்திக்கின்றன. ஆகவே லஸ் பக்கம் திரும்பினால் தகரத் தடுப்பு. அன்பர் முட்டி போடுவார், குந்துவார், கடைசியில் தார்ச்சாலையில் குப்புறப் படுத்தே விடுவார். அப்படியும் தப்பி வந்த கேபிள் ஒயர்களை வீட்டுக்குப் போய் லைட்ரூமில் துடைத்துக்கொள்வார். படத்தில் நடப்பது 1950. படத்துக்கு இரண்டடி இடப்பக்கம் கிரேன்.

சந்துக்குள் ஒரு பாட்டி கோலம் போட்டால் போதும், கூட்டமாகச் சூழ்ந்துகொள்வார்கள். ஒருவர் நிழல் இன்னொருவர் கோலத்தில் விழுந்து தகராறு. "பாட்டி, இன்னொரு வாட்டி தண்ணி தெளிங்களேன், ஸ்ப்ளாஷ் சரியா விழலை." பாட்டி வாளியை அவர் காலடியில் வைத்தாள். "அடிபம்பு அந்தக் கோடில இருக்கு. அடிச்சுண்டு வா, தெளிக்கறேன்."

பூக்கார அம்மாவிடமும் இதே கதைதான். கேமராவைப் பார்க்காமல் 'இயல்பாக' இருக்கச் சொல்லி அதட்டுவார். "உங்க போட்டோவுக்கு ரெண்டாயிரம் லைக்மா!" என்றதற்கு அந்த அம்மா நாரை இழுத்து முடிச்சுப் போட்டுவிட்டுக் கேட்டாள்: "அதுல முழம் வாங்கினவங்க எத்தினி பேரு?" அவர் அன்றும் வாங்கவில்லை.

ஆனால் அன்பர் முகத்தில் உண்மையான பரவசம் பார்க்க வேண்டுமானால், பச்சை வலை கட்டிய ஓட்டு வீட்டின் முன் பார்க்க வேண்டும். திண்ணை, வழவழத்த மரத்தூண், உளுத்த நிலைப்படி. "அடுத்த வாரம் இது இருக்காது, எடுத்துக்கங்க, எடுத்துக்கங்க!" என்று ஆடித் தள்ளுபடிக் கடைக்காரரைப் போலக் கூவுவார். காரை பெயர்ந்த இடத்தைத் தடவி, "என்னா டெக்ஸ்ச்சர்!" என்பார். வீடு நல்லபடியாக, வெள்ளையடித்து, ஆள் குடியிருந்துகொண்டிருந்தால் அவர் அந்தப் பக்கமே திரும்புவதில்லை.

மந்தைவெளியில் அவருடைய தாத்தா வீடும் இப்படித் திண்ணை வைத்ததுதானாம். புரோமோட்டரிடம் கொடுத்து இரண்டு பிளாட்டும், கார் பார்க்கிங்கும், மேற்கொண்டு கொஞ்சம் ரொக்கமும் வாங்கிக்கொண்டாராம்.

"இடிக்கறதுக்கு முன்னாடி அதைப் படம் எடுத்தீங்களா?" என்று கேட்டேன்.

"அப்ப எங்க சார் கேமரா? அந்த ரொக்கத்துலதானே வாங்கினேன்!" என்றார்.