புதியவரை வரவேற்கும் முறை

2000-ஆம் ஆண்டில் ஃபப்ரீஸ் பெல்லார் என்னும் பிரெஞ்சு நிபுணர் தொடங்கிவைத்த, இன்றளவும் உலகத்து ஒலி, ஒளிப் பதிவுகளை ஒரு வடிவத்திலிருந்து இன்னொன்றுக்கு இலவசமாகவே மாற்றித் தந்துவரும் எஃப்எஃப்எம்பெக் போன்றதொரு மென்பொருளுக்கு, ஆரம்ப நிலையினருக்கென்றே ஒரு வலைத்தளம் சமைக்க முன்வரும் புண்ணியவான்களின் சிரத்தையை நான் மனமாரப் போற்றுகிறேன்.

நாடி வந்தவரிடம் எடுத்த எடுப்பிலேயே மூலநிரலை ஒப்படைத்துவிடுவது எத்தனை உசிதமான காரியம்! சமைத்த சோற்றைப் போட்டு விருந்தாளியை அவமதிக்காமல், விதைநெல்லும் கலப்பையும் கொடுத்து வயலைக் காட்டும் அன்பல்லவா அது? பொத்தான்கள் அறவே வேண்டா. அவை சோம்பலுக்குத் தூபம் போடுவன. கறுப்புத் திரையில் ‘-சிஆர்எஃப் 23’ என்று தட்டச் சொல்வதோடு நிறுத்திக்கொண்டு, அந்த எண் குறையக் குறையப் படத்தின் தரம் கூடும் என்னும் ரகசியத்தைச் சொல்லாமல் விட்டால், ஆராய்ச்சி மனப்பான்மை தானே வளரும். உரிமப் பத்திரத்தை ஆதியோடந்தமாக வாசித்தவருக்கே முகப்புப் பக்கம் தரிசனம் தரவேண்டும் என்பது என் சொந்த அபிப்பிராயம்.

தளத்தைப் பரீட்சிப்பதற்காக, பேரனின் பிறந்தநாள் வீடியோவைச் சுருக்க வந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரைக் குழுவினர் பிடித்துவைத்தார்கள். பேரன் அடுத்த பிறந்தநாளைக் கொண்டாடுவதற்குள் அந்த அம்மையார் மூலநிரலைத் தாமே தொகுத்துத் தேறிவிட, குழுவுக்கு அவரையே தலைவியாக்கினார்கள்.

பக்கங்கள் அளவுக்கு மீறி எளிமையாக இருக்கின்றன என்பது அம்மையாரின் முதல் ஆட்சேபம்.