மேற்கலையார், கீழ்க்கலையார்: செட்அப் அழைப்பின் இடம் குறித்து ஓர் ஆய்வு

சோதனை நிரலில் செட்அப் அழைப்பை எந்த வரியில் வைப்பது என்ற வினாவைத் தமிழ் ஆய்வுலகம் இதுவரை தீண்டாதது வியப்புக்குரியது. கென்ட் பெக்கும் எரிக் காமாவும் 1997-இல் சூரிக்கிலிருந்து அட்லாண்டாவுக்குப் பறந்தபோது விமானத்திலேயே ஜேயூனிட் என்னும் ஜாவா சோதனைக் கருவியை எழுதினர். ஒவ்வொரு சோதனைக்கும் முன்னால் செட்அப், பின்னால் டியர்டவுன் தானாக ஓடும். தாய் வகுப்பின் செட்அப்பைச் சேய் வகுப்பு எந்த வரியில் கூப்பிடுவது என்பதை மட்டும் அவரவர் விருப்பத்துக்கு விட்டுவிட்டார்கள். விமானத்துக்குப் பதில் விழுப்புரத்தில் பாண்டி பஸ் ஏறியிருந்தால், கோலியனூர் கூட்டுரோடு தாண்டுவதற்குள் பக்கத்து சீட்டுக்காரர் அதையும் கேட்டுத் தீர்த்திருப்பார்.

விளைவு, இரு கலைகள். தாயை முதல் வரியில் கூப்பிடுவோர் மேற்கலையார். தம் மாறிகளை நிரப்பிவிட்டுக் கடைசியில் கூப்பிடுவோர் கீழ்க்கலையார். கூப்பிடவே மறந்தவர்களை எக்கலையும் சேர்ப்பதில்லை.

மேற்கலையாருக்கு விழுப்புரம் வட்டாரக் கூத்திலேயே சான்று உண்டு. திரௌபதி அம்மன் திருவிழாவுக்குக் காப்பு ஒரு முறைதான் கட்டுவார்கள், இது வகுப்புக்கு ஒரு முறை மட்டும் ஓடும் செட்அப்கிளாஸ். கூத்துக்கோ ஒவ்வோர் இரவும் களரி கட்டியாக வேண்டும். மத்தளம், தாளம், முகவீணை, ஆர்மோனியம் எல்லாம் கூடி முழங்கிய பிறகே கட்டியங்காரன் வருவான். நேற்றுக் கட்டிய களரி இன்றைக்குச் செல்லாது. இது ஐயத்துக்கிடமின்றி செட்அப். இன்று கர்ண மோட்சம், நாளை பதினெட்டாம் போர் என்று கதை மாறினாலும் களரி இடம் மாறாது. பாயைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தெருமுனையில் வருகிறவர், 'இன்னும் வேஷம் கட்டி யாரும் வரலை' என்று காதாலேயே அறிவார். கோப்பைத் திறப்பவரின் கண்ணுக்கும் இச்சலுகை வேண்டும் என்பதே என் கட்சி. எல்லாக் கோப்பிலும் ஒரே வரியில் இருந்தால் விடுபட்ட ஒன்று துருத்திக்கொண்டு தெரியும்.

கீழ்க்கலையாரும் லேசுப்பட்டவர்கள் அல்லர். தாய் செட்அப் சர்வரைக் கிளப்பும்போதே போர்ட் எண் கேட்குமானால், அதை முன்பே நிரப்பத்தான் வேண்டும். நியாயம்தான், எல்லாக் கோப்பிலும் அப்படியே செய்யட்டும். டியர்டவுன் என்று வந்துவிட்டால் மேற்கலையாரும் கீழிறங்கித் தாயைக் கடைசியில்தான் கூப்பிடுவர். கடைசியில் கட்டியதை முதலில் அவிழ்க்க வேண்டுமே. அதிலும் பைத்தான் யூனிட்டெஸ்டில் செட்அப் பாதியில் முறிந்தால் டியர்டவுன் எட்டியும் பார்க்காது. திறந்தது திறந்தபடி கிடக்கும்.

2006-இல் ஜேயூனிட் 4 வந்தது. முன்னே ஓட வேண்டியதன் தலையில் 'பிஃபோர்' என்று குறித்தால் போதும், தாயினுடையது தானே முந்தி ஓடும். வழக்கு முடிந்ததென்றே தோன்றியது. ஆனால் தாய்க்கும் சேய்க்கும் ஒரே பெயரை வைத்தால் தாயினுடையது மறைந்துவிடும். வைத்தார்கள்.

ஆய்வில் எஞ்சுவது உபயகலையார் பிரிவு. முதல் வரியிலும் கூப்பிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று கடைசி வரியிலும் கூப்பிடுவோர். டேட்டாபேஸ் இரண்டு முறை உருவாகும், செட்அப் இரண்டு மடங்கு நேரம் எடுக்கும், ஆனால் பச்சை காட்டும். பச்சை காட்டும் கோப்பை யாரும் திறப்பதில்லையாதலால் இப்பிரிவினரின் தொகையைக் கணக்கிட வழியில்லை.