இரவுக்குப் பொறுப்பான அலுவலர் அவர்களுக்கு

அனுப்புநர்: சித்தன்னவாசலிலிருந்து பூ வண்டிக்குப் பின்னால் போன நாலு பேர்.
பெறுநர்: இரவுக்குப் பொறுப்பான அலுவலர் (துறையின் பெயரைத் தாங்களே நிரப்பிக்கொள்ளவும்).
பொருள்: நார்த்தாமலை முத்துமாரியம்மன் பூச்சொரிதல் இரவுக்கு ஒரு சொந்தக்காரரைக் காட்டித் தரக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா அல்லது அம்மா,

பகலைப் பொறுத்தவரை எங்கள் மாவட்டத்தில் ஒரு குறையும் இல்லை. பங்குனியில் நார்த்தாமலைத் தேர் ஓடும் நாளுக்கு உள்ளூர் விடுமுறை விடுகிறார்கள். அந்த ஆணையைப் படிப்பதே ஒரு திருவிழாதான். பள்ளிக்கூடம் கிடையாது, ஆனால் பொதுத்தேர்வு இருந்தால் எழுதுகிற பிள்ளைக்கு உண்டு. அலுவலகம் கிடையாது, ஆனால் கருவூலம் குறிப்பிட்ட பணியாளர்களோடு இயங்கும். கொடுத்த விடுமுறையைத் திருப்பி வாங்க ஒரு சனிக்கிழமை. போதாததற்கு, இது 1881-ஆம் ஆண்டு செலாவணி முறிச் சட்டத்தின் கீழ் வருகிற விடுமுறை அல்ல என்று ஒரு வரி. வடம் பிடிக்கப் போகிறவனுக்குப் பாதி வழியில் காசோலை மாற்றும் ஆசை வந்தால் என்ன செய்வான் என்பது வரைக்கும் யோசித்திருக்கிறார்கள். கையெடுத்துக் கும்பிடுகிறோம்.

எங்கள் மனு தேரைப் பற்றியது அல்ல. அதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி வருகிற பூச்சொரிதலைப் பற்றியது. புதுக்கோட்டை, கீரனூர், இலுப்பூர், அன்னவாசல் என்று நாலா பக்கமிருந்தும் அன்றைக்குப் பூ கிளம்பும். குட்டியானையிலிருந்து டிராக்டர் வரைக்கும் எல்லாவற்றிலும் சீரியல் பல்பில் அம்மன் உட்கார்ந்திருப்பாள். பின்னால் ஜெனரேட்டர், அதற்குப் பின்னால் கொட்டு, அதற்கும் பின்னால் தலையில் பூத்தட்டோடு பெண்கள், கடைசியில் ஒரு வேலையும் இல்லாமல் எங்களைப் போல நாலு பேர். மாசியில் திருவப்பூர் மாரியம்மனுக்கும் இதே ஊர்வலம்தான். விடிய விடிய ஒரு மாவட்டமே ரோட்டில் நிற்கிறது. அந்த மாவட்டத்துக்கு அந்நேரத்தில் யார் பொறுப்பு என்பதுதான் எங்கள் கேள்வி.

இந்த வருஷம் எங்கள் தெரு வண்டியின் முக்கிய அதிகாரி ஒரு கவைக்கம்பு. மூங்கில் நுனியில் இரண்டாகப் பிரிந்த கட்டையைக் கட்டி, என் பங்காளி ஒருவன் வண்டியின் கூரையில் மல்லாக்கப் படுத்திருந்தான். ஊருக்குள் தெருவுக்குத் தெரு தொங்குகிற கேபிள் வயரையும் இன்டர்நெட் வயரையும் கம்பால் தூக்க வேண்டும், அம்மன் கிரீடம் கடந்ததும் மெல்ல இறக்க வேண்டும். "தூக்குறா... இன்னும் தூக்குறா... போதும் மாப்ள, வண்டிய எடு!" கரண்டு கம்பி வந்தால் மட்டும் வண்டி நின்றுவிடும், கொட்டு நின்றுவிடும், தட்டு சுமக்கிற அப்பத்தாமார்கள் வாய்க்குள் அம்மனைக் கூப்பிடுவார்கள். யாருக்கு போன் போட்டால் லைனை நிறுத்துவார்கள் என்று கேட்டோம். பகலில் மனு கொடுத்திருக்க வேண்டும் என்றார் ஒரு பெரியவர். பகலில் கம்பி எங்களை இடிக்கவில்லையே ஐயா.

சத்தத்துக்கு வருவோம். 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி ராத்திரி பத்திலிருந்து காலை ஆறு வரை ஒலிபெருக்கிக்குத் தடை. திருவிழா என்றால், மாநில அரசு மனம் வைத்து, வருஷத்துக்கு 15 நாளுக்கு மிகாமல், நள்ளிரவு பன்னிரண்டு வரை தளர்த்தலாம். நல்ல விதி. நோயாளியும் கைக்குழந்தையும் தூங்க வேண்டும், எங்களுக்கு ஆட்சேபம் இல்லை. மைக்செட்காரர் பத்து அடித்ததும் நிறுத்தியும்விட்டார். ஒலிபெருக்கி பத்து மணிக்கு மேல் என்ன செய்யக்கூடாது என்று எழுதிவைத்த அரசு, கையில் தட்டோடு நிற்கிற மனுஷி பத்து மணிக்கு மேல் எங்கே ஒதுங்குவாள் என்று எங்காவது எழுதிவைத்திருக்கிறதா? வண்டி போகிற வழியில் கழிப்பறை ஒன்றும் எங்கள் கண்ணில் படவில்லை. கருவேலம் புதர்தான் பட்டது. அதற்குள்ளும் யாராவது ஒருவன் செல்போன் டார்ச்சை அடிக்கிறான்.

சித்தன்னவாசலைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். எங்கள் அறிவர் கோயில் கூரையில் ஒரு தாமரைக் குளம் உண்டு. யானை, எருமை, மீன் எல்லாவற்றுக்கும் நடுவே ஆட்கள் இறங்கிப் பூப் பறிக்கிறார்கள். பாண்டியன் ஸ்ரீமாற ஸ்ரீவல்லபன் காலத்தில், 9-ஆம் நூற்றாண்டில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் அந்தக் குடைவரையைப் புதுப்பித்ததாகக் கல்வெட்டு சொல்கிறது. இன்றைக்கு அதற்கு மத்தியத் தொல்லியல் துறை இருக்கிறது, 1958-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது, நுழைவுச் சீட்டு இருக்கிறது, இருட்டுவதற்குள் பூட்டு இருக்கிறது. கூரையில் பூப் பறிக்கிறவர்களுக்குக் கிடைக்கிற பாதுகாப்பில் கால்வாசி, தரையில் பூச் சுமந்து போகிறவர்களுக்குக் கிடைத்தால் போதும். (சமணக் கோயில் தாமரையை மாரியம்மனோடு சேர்த்துப் பேசிவிட்டேன் என்று யாரும் வழக்குப் போட வேண்டாம். நான் பேசுவது பூவை மட்டும்.)

ஆகவே, எங்களுக்குப் பெரிய திட்டமோ அடிக்கல்லோ வேண்டாம். திருச்சி ரோட்டில் லாரிகள் பறக்கிற இடத்தில், பூ வண்டிகள் நார்த்தாமலைக்குத் திரும்பும் வரைக்கும் வேகத்தைக் குறைக்க ஒரு தடுப்பு. தட்டு சுமக்கிற பெண்களுக்கு வழியில் இரண்டு இடத்திலாவது தண்ணீரோடு ஒரு நடமாடும் கழிப்பறை. பூவைக் கொட்டிவிட்டு அகாலத்தில் திரும்புகிறவர்களுக்கு அன்னவாசல் பக்கம் ஒரு பஸ். கம்பி தாழ்ந்தால் கூப்பிட ஒரு போன் நம்பர், மறுமுனையில் ஒரு மனிதக் குரல். அந்தக் குரல் "காலையில் வாங்க" என்று சொல்லாமல் இருந்தால் கூடுதல் புண்ணியம்.

திங்கட்கிழமை விடுமுறை கேட்கவில்லை, பயப்படாதீர்கள். கேட்டால் அதற்கு ஈடாக ஒரு சனிக்கிழமை போய்விடும் என்று தெரியும். அதை நாங்களே பார்த்துக்கொள்கிறோம்: மறுநாள் எங்கள் தெருவில் அரசு வேலை பார்க்கிற அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் வயிற்றுப்போக்கு வரும், தற்செயல் விடுப்பும் வரும். இதை ஏதோ தொற்று என்று நினைத்து சுகாதாரத் துறை ஊருக்குள் பிளீச்சிங் பவுடரோடு இறங்கிவிட வேண்டாம் என்று முன்கூட்டியே தெரிவித்துக்கொள்கிறோம்.

இந்த மனுவின் மீது கள விசாரணைக்கு ஆள் அனுப்புவதாக இருந்தால் ராத்திரி பதினொன்றுக்கு மேல் அனுப்பவும். பகலில் வந்தால் எல்லாம் ஒழுங்காகத்தான் இருக்கும். வருகிறவரிடம் ஒரு கவைக்கம்பையும் கொடுத்தனுப்பவும். எங்களுடையது முறிந்துவிட்டது.

இப்படிக்கு,
கடைசி வண்டிக்குப் பின்னால் வந்தவர்கள்